ஆகஸ்டுக்கு எதிரே செப்டம்பர்

ஆண்டவன் துணை

ஜூன் 10

பாப்பா அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் நலம். உங்கள் நலம் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். என் பெயரில் இருக்கிற இந்த வீட்டை விற்கப் போகிற சேதியை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? உங்கள் தம்பி வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டுப் போகிறார். "அண்ணன் முடிவு பண்ணிட்டாரு அண்ணி. அந்தச் சுவரு இருக்கிற வீட்டுல இனிமே கால் வைக்க மாட்டாராம். செப்டம்பர் லீவுக்குள்ள வித்துடணுமாம். விக்கலைன்னா லீவுக்கே வரலையாம்." நான் கையில் கரண்டியோடு நின்றேன். "காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றேன்.

டிசம்பரில் நீங்கள் எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினீர்களே, அன்றைக்குப் பேசியதுதான் கடைசி. "என் நெஞ்சுல இருக்கிற நிழலு உன் சுவத்துல இருந்து வந்ததுடி" என்றீர்கள். ஆறு மாதமாக அந்த வார்த்தையை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

சுவருக்கு நான் செய்யாதது இல்லை. பின்பக்கத்துக் குழாய்க் கசிவை அடைத்தாகிவிட்டது. காரையைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்து மூன்று முறை கழுவி, சுண்ணாம்பு அடித்து, கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். இவ்வளவுக்குப் பிறகும் மழை வந்தால் மூலையில் பச்சை பூக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்கப் படுப்பது நானும் பாப்பாவும். எங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வருஷத்தில் ஒரு மாதம் வந்து போகிற உங்களை மட்டும் அது எப்படிப் பிடிக்கும்?

காசநோய் மாத்திரை இந்த மாதத்தோடு முடிகிறது இல்லையா? ஒரு வேளைகூட விடாமல் போட்டீர்களா? எடை பார்த்தீர்களா? இருமல் ஒரு நாளைக்கு எத்தனை?

உங்கள்
பாப்பா அம்மா

~

ஜூன் 24

கணக்கம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தண்ணீர் லாரிக்காரர் ஒரு வாரம் தன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்ததால் டீசல் வாசனையோடு வந்தது. இந்தக் கேம்பில் போன் எடுக்க வேண்டுமென்றால் குன்று ஏற வேண்டும். குன்று ஏறினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் நீ அந்தப் பக்கம் ஜபமாலையை எடுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிடுவாய். கடிதமே மேல். ஆண்டவன் பெயரைச் சொல்ல வாங்கிய மாலையில் புருஷன் இருமலை எண்ணியவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

மாத்திரை முடிந்தது. ஒரு வேளையும் விடவில்லை. இருமல் இருக்கிறது, ஆனால் கொஞ்சம். எடை பார்க்க இங்கே எடை மேடையில் லாரியைத்தான் நிறுத்துவார்கள்.

சுவருக்கு வக்காலத்து வாங்காதே. நான் சொல்வது சின்னக் கணக்கு. இங்கே பதினோரு மாதம் மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். ரோடு போட ரோடு போட வண்டி நகர்கிறது, நானும் நகர்கிறேன். இருமல் இல்லை. வீட்டுக்கு வருகிறேன். ஒரே வாரம், காய்ச்சல், இருமல், ராத்திரியில் பனியன் நனைகிற வேர்வை. இதில் குற்றவாளி யார் என்று பாப்பாவைக் கேள், அவளே சொல்வாள். இங்கே இருப்பது காய்ந்த காற்று. நெஞ்சு நோய்க்காரர்களை இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அனுப்புவார்களாம், சமையல்காரர் சொன்னார்.

மழையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாய். போன மாதத்திலிருந்து இங்கே கொட்டுகிறது. இந்தப் பொட்டலில் இவ்வளவு மழையை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். வண்டி அச்சு வரை புதைந்து இரண்டு நாள் கிடந்தது. பழுப்பு மண் முழுக்கப் பச்சையாகிவிட்டது. நல்ல வாசனை. உன் சுவரும் மழைக்குப் பச்சையாகிறது, இந்த மண்ணும் பச்சையாகிறது. ஆனால் இது என்னைக் கொல்லவில்லை.

வீடு வாங்க ஒருவர் இருக்கிறார். மாவு மில்லுக்காரர். தம்பி அழைத்து வருவான். கோபப்படாதே. சுவரும் நானும் ஒரே வீட்டில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

பாப்பா அப்பா

~

ஆண்டவன் துணை

ஜூலை 6

பாப்பா அப்பாவுக்கு,

கடிதத்தில் இருமல் கேட்காது என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் எழுத்து கோட்டை விட்டுக் கீழே விழுந்து ஏறுகிற இடங்களை எண்ணினேன். ஒன்றரைப் பக்கத்தில் ஏழு. 'கொஞ்சம்' என்று எழுதிய இடத்திலேயே ஒரு தரம் விழுந்திருக்கிறது.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். என் நோட்டு உங்களுக்குத் தெரியும். பாப்பாவுக்குக் கைக்குழந்தையில் இழுப்பு வந்தபோது தொடங்கியது. இடப்பக்கம் அந்த மாதத்து வானம்: வெயில், மழை, ஈரம், காற்று எந்தப் பக்கம். வலப்பக்கம் வீட்டில் உள்ளவர்களின் உடம்பு. ஒரு மாதத்துக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். படிக்காதவள் கணக்கு என்று நீங்கள் சிரித்தாலும் பாப்பாவின் இழுப்பு அடுப்புப் புகையால் என்று கண்டுபிடித்தது அந்த நோட்டுதான், டாக்டர் இல்லை.

நீங்கள் அந்த வேலைக்குப் போய் நான்காவது வருஷம். மூன்று செப்டம்பர் வந்திருக்கிறீர்கள். முதல் வருஷம் இருமல், மூன்று வாரத்தில் போனது. போன வருஷம் நீங்கள் பட்ட பாடு சொல்ல வேண்டாம். நடுவில் ஒரு வருஷம் இருக்கிறதே, அதை நாம் இருவருமே மறந்துவிட்டோம். அந்தச் செப்டம்பரில் இருபத்தாறு நாள் இருந்தீர்கள். மழை மூன்று வருஷத்திலும் அதுதான் அதிகம். சுவரில் இடுப்புயரத்துக்குப் பச்சை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் உங்கள் பெயருக்கு நேரே இருபத்தாறு நாளும் சுழி. ஒரு இருமல் இல்லை. அவ்வளவு வளர்ந்த பாப்பாவைத் தோளில் தூக்கி மாடிப்படி ஏறினீர்கள்.

சுவர்தான் காரணம் என்றால் அந்த வருஷம் நீங்கள் செத்திருக்க வேண்டும். மன்னியுங்கள், கை தவறி எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

இதற்கு மேல் எனக்குப் போகத் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே சுவர், ஒரே மாதம், அதிக ஈரம், நோய் மட்டும் இல்லை. பிரார்த்தனையில் உட்கார்ந்தால் மனசு இதிலேயே நிற்கிறது. ஒன்று மட்டும் தோன்றுகிறது. என் நோட்டில் இருப்பது எல்லாம் இந்த ஊர் வானம். உங்கள் தலைக்கு மேலே பதினோரு மாதம் இருக்கிற வானம் அதில் இல்லை. மூன்று வருஷத்துக்கு அங்கே என்றைக்கு மழை, என்றைக்குக் காற்று என்று எழுதி அனுப்ப முடியுமா?

பாப்பா அம்மா

பி.கு. மாவு மில்லுக்காரர் வந்தார். சுவரில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். காரை உதிர்ந்தது. "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

~

ஜூலை 22

கணக்கம்மாவுக்கு,

நடு வருஷம் எனக்கு நினைவே இல்லை. பாப்பாவைத் தூக்கியது நினைவிருக்கிறது. அது அந்த வருஷமா? நீ எழுதியதைப் படித்து ஒரு நாள் முழுக்கக் கடுப்பாக இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நீ கேட்டது கிடைத்தது. வானத்தை இங்கே யாரும் எழுதுவதில்லை, ஆனால் வண்டி நின்றால் ஏன் நின்றது என்று லாக் புக்கில் எழுதியே ஆக வேண்டும். "மழையால் நிறுத்தம்", "காற்றால் நிறுத்தம்". சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்துப் பார்த்தேன். "என்னப்பா, கேஸ் கீஸ் போடப் போறியா?" என்றார். "பொண்டாட்டி கேக்குறா சார்" என்றேன். உடனே கொடுத்துவிட்டார். கல்யாணமானவர்.

முதல் வருஷம்: மே, ஜூனில் மழையால் ஒன்பது நாள். ஆகஸ்டில் காற்றால் பத்து நாள்.
இரண்டாம் வருஷம்: மழையால் ஒரு நாளும் இல்லை. ஆகஸ்டில் காற்றால் பதின்மூன்று.
போன வருஷம்: மழையால் பதினேழு. காற்றால் பதினொன்று, ஆகஸ்ட் 19 முதல் 29 வரை.
இந்த வருஷம்: மழையால் இதுவரை இருபத்திரண்டு. காற்று இன்னும் தொடங்கவில்லை.

காற்று என்றால் நம் ஊர்க் காற்று இல்லை. மண் எழுந்து நடந்து வரும். கண்ணாடிக்கு வெளியே கை நீட்டினால் கை தெரியாது. அந்த நாட்களில் வண்டி ஓட்ட முடியாது, அது அடங்கியதும் மாத முடிவில் எல்லாருக்கும் லீவு. வருஷா வருஷம் எனக்கு லீவு கொடுப்பது கம்பெனி என்றா நினைத்தாய்? காற்றுதான்.

இப்போது நீ எனக்கு ஒன்று செய். வாரம் ஒரு முறை பக்கத்து டவுனிலிருந்து டாக்டர் வருகிறார். பழைய எக்ஸ்ரேயையும் ரிப்போர்ட்டையும் பார்த்து, "மூணு தடவை சளி பார்த்தும் கிருமி இல்ல, அப்புறம் எதை வச்சு டி.பி. மாத்திரை குடுத்தாங்க?" என்று கேட்கிறார். வீட்டில் ஈரம் என்றேன். "எவ்வளவு ஈரம்?" என்றார். போன செப்டம்பரின் வானம் எழுதிய பக்கத்தைக் கிழித்து அனுப்பு. எத்தனை நாள் மழை, சுவர் எப்படி இருந்தது என்று அவர் பார்க்கட்டும். உன் கையாலேயே சுவருக்கு எதிராகச் சாட்சி.

கைக்குட்டையில் செம்பழுப்பாக வருகிறது. மண் தூசிதான். பயப்படாதே என்று எழுத வந்தேன், எழுதியதும் எனக்கே பயமாக இருக்கிறது.

பாப்பா அப்பா

~

ஆண்டவன் துணை

ஆகஸ்ட் 1

பாப்பா அப்பாவுக்கு,

மண் தூசி என்றால் துவைத்தால் போகும். ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் ஓரம் மட்டும் நிற்கும். ஊறவைத்துப் பாருங்கள். பார்த்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துத்தான் கிழித்தேன், ஆனாலும் பதினான்கு வருஷத்தில் இந்த நோட்டில் ஒரு தாள் கிழிபட்டதில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்ட மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் நீங்கள் கேட்ட செப்டம்பர் வானம். பின்பக்கம் ஆகஸ்டின் உடம்புக் கணக்கு. அப்போது நீங்கள் இங்கே இல்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை, அதனால் வெறும் சுழிகள். அதைப் பார்க்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

லாரிக்குச் சேர வேண்டும் என்பதால் இப்போதே தபாலில் போடுகிறேன். உங்கள் லாக் புக் கணக்கை நிதானமாக நோட்டில் ஏற்றுகிறேன். மேலோட்டமாகப் பார்த்ததில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. அங்கே மழை மே மாதம், காற்று ஆகஸ்ட், இருமல் செப்டம்பர், அதுவும் இங்கே. ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

மாவு மில்லுக்காரர் எடுத்துக்கொள்கிறாராம். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

பாப்பா அம்மா

~

ஆகஸ்ட் 12

என்னங்க,

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் படியுங்கள், படித்த நிமிஷம் கிளம்புங்கள். காரணம் கீழே எழுதுகிறேன், ஆனால் காரணத்துக்காகக் காத்திருக்காதீர்கள். காற்று தொடங்குவதற்கு முன்னால் அந்த இடத்தை விட்டு வெளியே போங்கள். போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை லாக் புக் கணக்கை ஏற்ற உட்கார்ந்தேன். போன வருஷ ஆகஸ்டைப் பிரித்தேன். இடப்பக்கம் வானம். அதன் அடியில் "காற்றால் நிறுத்தம், 19 முதல் 29 வரை" என்று எழுதிவிட்டு, பழக்கத்தில் கண் வலப்பக்கம் போனது. அங்கே ஆகஸ்டுச் சுழிகள் இருக்க வேண்டும். இருந்தது செப்டம்பர். "6: இருமல் 14. 7: இருமல் 31, காய்ச்சல். 8: எண்ணி முடியவில்லை." நோட்டு தவறிவிட்டதா, எனக்குத்தான் புத்தி தவறிவிட்டதா என்று திகைத்துப் போனேன். பிறகு புரிந்தது. நடுவில் இருந்த தாளைத்தான் உங்களுக்கு அனுப்பிவிட்டேனே. இந்த ஊர்ச் செப்டம்பர் மழை அந்தத் தாளோடு போய்விட்டது. அது இல்லாததால் உங்கள் ஊர் ஆகஸ்டுக் காற்றும் உங்கள் செப்டம்பர் இருமலும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன.

நான் எத்தனை வருஷமாக அந்தந்த நாளை அந்தந்த நாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்றைய மழைக்கு இன்றைய இருமல். உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை போலிருக்கிறது. காற்று அடித்ததும் லீவு. லீவில் வீடு. உள்ளே போனது வெளியே தெரிய ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் நீங்கள் என் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பீர்கள்.

உடனே சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே குழம்பினேன். நடு வருஷம் காற்று பதின்மூன்று நாள். மற்ற வருஷங்களைவிட அதிகம். இருமல் சுழி. அப்படியானால் காற்றும் இல்லையா?

அடுக்களை வேலை ஓடவில்லை. மாவு மில்லுக்காரர் திரும்ப வருவார் என்று சுவரைத் துடைக்கப் போனேன். மழைக்காலத்தில் ஈரத்துணியால் துடைத்தால் பச்சை துணியில் களிம்பாக வரும். இப்போது இரண்டு வாரமாக வெயில், சுவர் காய்ந்து கிடக்கிறது. துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். புகை மாதிரி எழுந்தது. ஜன்னல் வெயிலில் அது பறந்து போவதைப் பார்த்தபடியே நின்றேன். ஈரத்தில் வளர்கிறது. காய்ந்த பிறகு பறக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். பாப்பா படித்து முடித்த புத்தகங்களை அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் நானும் படித்து வருகிறேன், அது உங்களுக்குத் தெரியாது. இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறேன். பூஞ்சைக்கு விதை கிடையாது, கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் விட்டுப் பரவும் என்று அதில் போட்டிருக்கிறது. மண்ணிலும் உண்டாம். நடு வருஷம் அங்கே மழையே இல்லை. வளர ஈரம் இல்லாததால் காற்றுக்குத் தூக்கிப் போக வெறும் தூசிதான் கிடைத்தது. மற்ற இரண்டு வருஷமும் முதலில் மழை, பிறகு காற்று. ஒன்பது நாள் மழைக்குச் சின்ன இருமல். பதினேழு நாளுக்குப் பெரிய இருமல்.

இந்த வருஷம் இருபத்திரண்டு நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நம் சுவரில் இருப்பதும் பூஞ்சைதானே, அது ஏன் எங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் எனக்குத் தெரியாது. கேம்பில் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்றாலும் தெரியாது. நான் சொல்வதில் பாதி தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் பாதி சரியாக இருந்தாலே நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. வரும்போது லாரியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கிலும் வாயிலும் ஈரத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்கு வரத்தான் பிடிக்கவில்லை என்றால் வேறெங்காவது போங்கள். வீடுதான் உங்களைத் தடுக்கிறதென்றால் வீடே வேண்டாம். உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். மாத முடிவுக்குள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

கிளம்புங்கள்.

~

ஆகஸ்ட் 17

கணக்கம்மாவுக்கு,

தாள் வந்தது. டாக்டரிடம் கொடுத்தேன். வேடிக்கையைக் கேள். செப்டம்பர் மழையை அவர் இரண்டு நொடிதான் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அது வேணாம் சார். அதுல ஒண்ணுமில்ல. வெறும் சுழி."

"அதான் பாக்குறேன். இந்த மாசம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் சார். வண்டியில."

"வண்டிக்கு ஏசி, கண்ணாடி எல்லாம் உண்டா?"

"ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு சார். சாக்கு கட்டியிருக்கேன்."

அதற்குப் பிறகு சுவரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மண்ணைப் பற்றியே கேட்டார். சளியை மறுபடி எடுத்தார், ரத்தமும் எடுத்தார். இது வேறு சோதனையாம், முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகுமாம். கைக்குட்டையை நீ சொன்னபடி ஊறவைத்தேன். ஓரம் நின்றது. அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தேன். சுவர் இல்லை என்றால் நான் இத்தனை மாதம் யார்மேல் கோபமாக இருந்தேன்? குழப்பமாக இருக்கிறது.

முந்தாநாளிலிருந்து காற்று தொடங்கிவிட்டது. வழக்கத்துக்கு முன்னாலேயே. வண்டிகளை நிறுத்தியாகிவிட்டது. இந்த வருஷம் உடனே லீவு விட்டதால் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். நான் போகவில்லை. வீடு விற்காத வரை வரமாட்டேன் என்று சொன்னவன் எந்த முகத்தோடு வருவது? தகரக் கொட்டகையில் நானும் சமையல்காரரும்தான். தட்டில் சோறு வைத்துத் திரும்புவதற்குள் மேலே பழுப்பாகப் படிகிறது. ஊதிவிட்டுச் சாப்பிடுகிறோம்.

பாப்பா அப்பா

~

ஆண்டவன் துணை

ஆகஸ்ட் 26

என்னங்க,

ஊதிவிட்டுச் சாப்பிடுகிறீர்களா! மானம் பார்த்துக்கொண்டு மண்ணைத் தின்கிற மனுஷனை ஆண்டவன் எனக்குத்தான் எழுதி வைத்தானா?

17ஆம் தேதி நீங்கள் எழுதியபோது என் 12ஆம் தேதிக் கடிதம் லாரி சீட்டுக்கு அடியில் இருந்திருக்கும். இப்போது கிடைத்திருக்குமா? கிடைத்தும் அங்கேயே இருக்கிறீர்களா? இது உங்களுக்குப் போய்ச் சேரும்போது நீங்கள் அங்கே இருந்தால் நான் தோற்றேன். இல்லாவிட்டால் இதைப் படிக்க ஆளில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

போன கடிதத்தில் தலைப்பில் ஆண்டவன் பெயரை எழுத மறந்துவிட்டேன். தபாலில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. அன்றிலிருந்து அதுவும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாவு மில்லுக்காரர் வருகிறார்.

பாப்பா அம்மா

~

செப்டம்பர் 9
டவுன் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில்

கணக்கம்மாவுக்கு,

தோற்கவில்லை. 26ஆம் தேதிக் கடிதத்தை லாரிக்காரர் இங்கே கொண்டுவந்து என் கட்டிலில் போட்டார். "அம்மா ரொம்ப கோவமா இருக்காங்களா?" என்றார். உறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறாய்.

12ஆம் தேதிக் கடிதம் 20ஆம் தேதி கையில் கிடைத்தது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். சமையல்காரரிடம், "எம் பொண்டாட்டி துடைப்பத்தை வச்சு வைத்தியம் பாக்குறா" என்றேன். அவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "இருபத்திரண்டு நாளு மழை பெஞ்சுதே அண்ணே" என்றார். நான் வெளியே பார்த்தேன். மே மாதம் பச்சையாக இருந்த தரை முழுக்கக் காய்ந்து, உரிந்து, எழுந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஈரத் துண்டு கட்டிக்கொண்டு அதே லாரியில் ஏறினோம்.

போனில் என் இருமலை எண்ணிவிடுவாய் என்று உனக்குப் பேசாமல் நேராக டாக்டரிடம் வந்தேன். ஐந்து நாள் காற்றில் இருந்துவிட்டேன் என்றேன். "காய்ச்சல் வந்தா ஒரு நாள்கூட தள்ளிப் போடாம வாங்க" என்றார். காய்ச்சல் 29ஆம் தேதி வந்தது. உன் நோட்டுக்கு நூற்றுக்கு நூறு.

நேற்று முடிவு வந்தது. டி.பி. இல்லை. பூஞ்சைதான். அந்த வட்டாரத்து மண்ணில் இருப்பதாம், பெயர் நீளமாக இருக்கிறது, எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். மழையில் மண்ணுக்குள் வளர்ந்து, காய்ந்ததும் வித்தாக உடைந்து காற்றோடு கிளம்பும் என்றார். நீ துடைப்பத்தால் பார்த்ததை அவர் அரை மணி நேரம் சொன்னார். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாதாம். பாப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

மற்றதெல்லாம் இன்னும் குழப்பம்தான், உன்னிடம் மறைக்க மாட்டேன். போன வருஷத்து நோய் தானாகக் குறைந்ததா, அந்த மாத்திரையால் குறைந்ததா என்று கேட்டால், "மாத்திரையால இருக்காது" என்கிறார். இப்போது வந்தது புதிதாக உள்ளே போனதா, பழையது கிளம்பியதா என்று கேட்டால், "சொல்ல முடியல" என்கிறார். சமையல்காரருக்கு ஏன் வரவில்லை என்றால் தோளைக் குலுக்குகிறார். சுவர்ப் பூஞ்சை வேறு சாதி, ஆனாலும் அதையும் ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்லது என்றார். புது மாத்திரை குறைந்தது ஆறு மாதம், ஒரு வருஷமும் ஆகலாம். சரியாகிவிடுமா என்றேன். "பெரும்பாலும்" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உன் தாளை அவர் கேஸ் ஷீட்டோடு குத்தி வைத்திருக்கிறார். வார்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சுழிப் பக்கத்தைக் காட்டுகிறார்.

அந்த மண்ணுக்குத் திரும்பப் போகக் கூடாதாம். டவுன் பக்கம் ஒர்க் ஷாப்பில் வேலை கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது. எந்த வீட்டுக்கு என்றுதான் தெரியவில்லை. பத்திரம் எழுதியாகிவிட்டதா? எழுதவில்லை என்றால் எழுதாதே. எழுதிவிட்டாய் என்றால் அதையும் சொல், தாங்கிக்கொள்கிறேன். டிசம்பரில் நான் சொன்ன வார்த்தையை எங்கே வைத்துத் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. சுவரிடம் நேரில் சொல்கிறேன்.

பாப்பா அப்பா

~

ஆண்டவன் துணை

செப்டம்பர் 18

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பாப்பா படித்தாள். பிறகு நான். பிறகு சாமி முன்னால் வைத்தேன். பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். எழுத்து கோட்டை விட்டு விழுந்த இடம் இரண்டு பக்கத்தில் பத்தொன்பது. ஆனால் எதையும் மறைத்து எழுதவில்லை, அதனால் மன்னித்தேன்.

'பெரும்பாலும்' என்பது எவ்வளவு என்று எனக்கும் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் அது இல்லை.

வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாவு மில்லுக்காரர் வந்தார். உங்கள் தம்பி பத்திரத்தை மேசையில் விரித்தார். நானும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது அவர், "ஏம்மா, மழைக்கு இந்தச் சுவரு எப்படி? உண்மையைச் சொல்லிடுங்க" என்றார். உண்மையைக் கேட்கிறவரிடம் நான் என்ன செய்வேன்? நோட்டை எடுத்து நீட்டினேன். பதினான்கு வருஷத்து மழை, ஒவ்வொரு மழைக்கும் சுவரில் பச்சை எத்தனை விரல்கடை உயரம், எத்தனை நாளில் காய்ந்தது, எல்லாம் இருக்கிறதே. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு வருஷம் வரைக்கும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல மாவு மூட்டை வச்சா என்னாகும்மா?"

"பூத்துடுங்க."

எழுந்து போய்விட்டார். உங்கள் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணி, கேட்டா கொஞ்சம் அப்படி இப்படி சொல்லக் கூடாதா?" என்றார். "காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றேன்.

ஆகவே வீடு இருக்கிறது. எந்தச் சுவருக்காக விற்கச் சொன்னீர்களோ, அந்தச் சுவரே விற்கவிடாமல் செய்துவிட்டது. இதில் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். டாக்டர் சொன்னபடி மூலையை ஈரத்துணியால்தான் துடைக்கிறேன், துடைப்பம் தொடுவதில்லை. உங்கள் கட்டில் கூடத்தில், வெயில் விழுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில்.

கிழித்த தாளை டாக்டரே வைத்துக்கொள்ளட்டும். திரும்ப வந்தாலும் ஒட்ட மாட்டேன். ஆகஸ்டுக்கு எதிரே செப்டம்பர் அப்படியே இருக்கட்டும்.

இங்கே நேற்றிலிருந்து மழை. இந்த மாதத்து இடப்பக்கம் நிறைந்துகொண்டு வருகிறது. வலப்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, எதிரே ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன். சுழி போட எனக்கு உரிமை இல்லை, எண் போட நீங்கள் இங்கே இல்லை. வந்து இருமுங்கள். எண்ணிக்கொள்கிறேன்.

உங்கள்
கணக்கம்மா